மூச்சைப் படம் பிடிக்கும் ஸெனான் வாயு

மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் செல்லும் நோயாளிகளுள் சிலருக்கு விசித்திரமான ஒரு சங்கடம் நேர்வதுண்டு. மாடிப்படி ஏறினால் அவர்களுக்கு இளைக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றினால் இளைக்கிறது. சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினாலும் இளைக்கிறது. ஆயினும் மார்பின் எக்ஸ்ரே படத்தில் குறை ஒன்றும் தென்படுவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் அவ்வாறே. “படத்தில் ஒன்றும் இல்லையே” என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு அவர்கள் வீடு திரும்புகின்றனர். நாளடைவில் வீட்டாரும் வேலை செய்யுமிடத்தாரும் அவர்களுடைய இளைப்பை நம்ப மறுக்கின்றனர்.

படத்தில் ஒன்றும் இல்லை என்பது நோயைப் பற்றிய செய்தியா, படத்தைப் பற்றிய செய்தியா? எக்ஸ்ரேயும் சி.டி.யும் நுரையீரலின் கட்டுமானத்தைக் காட்டுகின்றன. ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்துச் சுவர் எங்கே, சன்னல் எங்கே என்று சொல்லிவிடலாம். எந்த அறையில் காற்று வரும், எந்த அறை புழுங்கும் என்பதை அதைக்கொண்டு மட்டும் சொல்ல இயலாது. உள்ளிழுத்த காற்று நுரையீரலின் எவ்வெப் பகுதிகளுக்குச் செல்கிறது, சென்ற இடத்தில் அது இரத்தத்துடன் கலக்கிறதா என்பவற்றை நேரிற் காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் விரும்பி வந்தது. லேசர் ஒளியினால் பக்குவப்படுத்திய ஸெனான் வாயுவை நோயாளி ஒரு முறை உள்ளிழுத்துப் பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்கியிருக்க, அப்பொழுது எம்.ஆர்.ஐ. கருவியால் எடுக்கப்படும் படம் அவ்விருப்பத்தைப் பெருமளவு நிறைவேற்றியுள்ளது.

நுரையீரல் ஏன் இருண்டு நின்றது?

எம்.ஆர்.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் பட முறைக்கு ஆதாரம் நம் உடலிலுள்ள நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் உட்கரு, தன்னைத்தானே சுற்றும் சிறு பம்பரம்போலவும், அதே சமயத்தில் சிறு காந்த ஊசிபோலவும் நடந்துகொள்கிறது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால், ஓய்ந்துவரும் பம்பரம் தலையாட்டுவதைப்போல இவ்வுட்கருக்கள் புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டும். ஆஸ்பத்திரிகளில் பெருவழக்காக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் (பூமியின் காந்தப் புலத்தைவிட இது ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது) ஹைட்ரஜன் உட்கரு விநாடிக்குச் சுமார் 6 கோடியே 39 லட்சம் முறை தலையாட்டுகிறது. இதே வேகத்தில் அதிரும் ரேடியோ அலையை அனுப்பினால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளியதுபோல் உட்கருக்கள் சக்தியை ஏற்றுச் சாய்கின்றன; சாய்ந்தவை தாமும் அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை எழுப்புகின்றன. இவ்வுண்மையை 1946-இல் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்து 1952-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதைக்கொண்டு படம் வரையலாம் என்று 1973-இல் காட்டியவர், அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பால் லாட்டர்பர்.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லத்தக்க ஒரு கணக்கு இங்கே உண்டு. காந்தத்தினுள் எல்லா உட்கருக்களும் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. புலத்தின் திசையில் நிற்பவையும் எதிர்த்திசையில் நிற்பவையும் ஏறக்குறையச் சமமாகவே உள்ளன. உடலின் வெப்பம் அவற்றை ஓயாமல் கலைத்துக்கொண்டிருப்பதே காரணம். பத்து லட்சம் உட்கருக்கள் கொண்ட ஒரு தொகுதியில் தேர்தல் நடப்பதாகக் கொண்டால், 1.5 டெஸ்லா காந்தத்தில் வெற்றி பெறும் கட்சிக்குக் கிடைக்கும் வாக்கு வித்தியாசம் வெறும் ஐந்து! மற்ற வாக்குகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளுபடி செய்துவிடுகின்றன. எம்.ஆர்.ஐ. படம் முழுவதும் இந்த ஐந்து வாக்குகளை நம்பியே வரையப்படுகிறது. மூளையிலும் முழங்காலிலும் நீர் மிகுதியாக இருப்பதால் இந்தச் சொற்ப வித்தியாசமே போதுமானதாகிவிடுகிறது.

நுரையீரலில் நிலைமை வேறு. மூச்சை இழுத்த நிலையில் அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு, எஞ்சியது காற்று. நீர் குறைந்தால் சமிக்ஞையும் குறையும் அன்றோ? இது முதற் குறை. அடுத்தது இன்னும் பொல்லாதது. நுரையீரலில் 30 கோடி முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் உள்ளன. அது ஏறக்குறைய ஒரு சோப்பு நுரை. காற்றும் திசுவும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் காந்தப் புலம் சிறிது கோணலாகிறது. ஆகவே அடுத்தடுத்துள்ள உட்கருக்கள் வெவ்வேறு வேகத்தில் தலையாட்டத் தொடங்கித் தாளம் தப்பிவிடுகின்றன. விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்திற்குள் சமிக்ஞை மங்கி மறைகிறது. இவற்றோடு இதயத் துடிப்பும் மூச்சின் அசைவும் சேர்ந்துகொள்ள, சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் நுரையீரல் இருக்குமிடம் பெரும்பாலும் கறுப்பாகவே காணப்படும்.

காற்றையே ஒளிரச் செய்தால் என்ன?

திசுவிலுள்ள நீரைத் தேடுவதை விட்டுவிட்டு, உள்ளே செல்லும் வாயுவையே படம் பிடிக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் வாயுவில் அணுக்கள் மிகவும் விலகி நிற்கின்றன. ஒரு கன சென்டிமீட்டர் நீரிலுள்ள ஹைட்ரஜன் உட்கருக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அதே கன அளவுள்ள வாயுவில் உள்ள அணுக்கள் ஏறத்தாழ 2,500-இல் ஒரு பங்கே. வாக்காளர் தொகையே இவ்வளவு சுருங்கிய பிறகு, பத்து லட்சத்திற்கு ஐந்து என்ற வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வித்தியாசத்தையே பெருக்க வேண்டும். அதற்கு வழி கண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஒளியையும் அணுவையும் ஆராய்ந்த பௌதிக விஞ்ஞானிகள்.

பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரெட் காஸ்ட்லர், ஒளியைக்கொண்டு அணுக்களை ஒரே திசையில் நிறுத்தும் முறையை 1950-ஆம் ஆண்டளவில் வகுத்தார். கிணற்றிலிருந்து நீரை மேலே இறைப்பதுபோல் ஒளி அணுக்களை ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு ஏற்றுவதால் ஒளியிறைப்பு என்று இதனைக் கூறலாம். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. இதற்கிடையே 1960-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பூஷியா, கார்வர், வார்னம் ஆகிய மூவரும், இவ்வாறு நிறுத்திய ருபீடியம் அணுக்களின் சுழற்சியை மோதல் வாயிலாக ஹீலியம் அணுக்கருவுக்கு மாற்ற முடியும் என்று காட்டினர். இந்த ஆராய்ச்சியின் நோக்கத்தில் நுரையீரல் எள்ளளவும் இல்லை. பிற்காலத்திலும் இம்முறை நியூட்ரானின் உள்ளமைப்பை ஆராய்வதற்கே பெரிதும் பயன்பட்டு வந்தது.

இன்று ஸெனானைப் பக்குவப்படுத்தும் முறை பின்வருமாறு. ஒரு கண்ணாடிக் கலத்தில் சிறிதளவு ருபீடியம் வைக்கப்படுகிறது. இது 39 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும் மெல்லிய உலோகம். நம்மூர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும். ஆனால் திறந்த காற்றில் தீப்பற்றக்கூடியதாதலின் அடைத்தே வைக்கவேண்டும். கலத்தைச் சூடாக்கினால் ருபீடியம் சிறிது ஆவியாகும். அதன்மீது 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி பாய்ச்சப்படுகிறது. சிவப்பைத் தாண்டியிருக்கும் இவ்வொளி கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. திருகாணியின் புரிபோலச் சுழன்று செல்லுமாறு இவ்வொளி முன்னரே திருத்தப்பட்டிருக்கும். ஆகையால் அதை விழுங்கும் ருபீடிய அணுவின் வெளிப்புற எலெக்ட்ரானும் அச்சுழற்சியைப் பெற்று ஒரே திசையில் நிற்கும். அருகில் வரும் ஸெனான் அணு ருபீடியத்தோடு மோதும்போது, சில சமயம் கணநேரம் அதனோடு ஒட்டிக்கொண்டு பிரியும்போது, எலெக்ட்ரானின் சுழற்சி ஸெனானின் உட்கருவுக்குக் கைமாறுகிறது. சுழற்சியை இழந்த ருபீடியத்தை லேசர் மறுபடியும் நிமிர்த்துகிறது. இவ்வாறு ஓயாமல் நடைபெறும்.

கலத்தினுள் செல்வது முழுவதும் ஸெனான் அன்று. பெரும் பகுதி ஹீலியமும், சிறிது நைட்ரஜனும், அதனினும் சிறிதளவு ஸெனானும் சேர்ந்த கலவையே செல்கிறது. கலத்தைவிட்டு வெளிவரும் கலவையைத் திரவ நைட்ரஜனால் குளிர்ந்த குழாயின் வழியே செலுத்தினால், −112 டிகிரியிலேயே உறைந்துவிடும் ஸெனான் வெண்பனிபோல் குழாயினுள் படிந்து நிற்க, மற்றவை வெளியேறிவிடும். உறைந்த நிலையில், ஒரு காந்தத்தின் காவலில், அதன் அணிவகுப்பு மணிக்கணக்கில் கலையாமல் இருக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் பனியை மீண்டும் வாயுவாக்கிப் பையில் நிரப்புகின்றனர். இந்த ஸெனானில் வாக்கு வித்தியாசம் பத்து லட்சத்திற்கு ஐந்து அன்று. இரண்டு லட்சம், மூன்று லட்சம், நல்ல கருவிகளில் அதற்கு மேலும். இந்நிலையையே மிகைமுனைவாக்கம் என்று அழைக்கின்றனர். அணுக்கள் குறைந்ததால் ஏற்பட்ட நஷ்டம் இதனால் ஈடாகி மிச்சமும் கிடைக்கிறது.

ஆனால் இந்த வித்தியாசம் ஒரு முறை பெற்ற கைமுதல், செலவழித்தால் திரும்பாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் உட்கருக்களைச் சாய்த்த பிறகு சற்றே காத்திருந்தால் காந்தம் அவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இங்கோ ஒவ்வொரு ரேடியோத் தட்டலும் கைமுதலில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆகவே மிக மெல்லிய தட்டல்களாகச் சிக்கனமாகச் செலவிட்டு, ஒரே மூச்சுக்குள் படம் முழுவதையும் முடிக்கவேண்டும். ஆக்ஸிஜன் இம்முதலுக்குப் பரம விரோதி. அதன் காந்தத் தன்மையால், நுரையீரலுக்குள் சென்ற ஸெனானின் அணிவகுப்பு இருபது முப்பது விநாடிகளிலேயே பெரிதும் குலைந்துவிடுகிறது.

ஹீலியம் வந்ததும் போனதும்

ஸ்டோனி புரூக்கிலிருந்து மிட்செல் ஆல்பர்ட், பிரின்ஸ்டனிலிருந்து கார்டன் கேட்ஸ், வில்லியம் ஹாப்பர் முதலியோர் சேர்ந்து, மிகைமுனைவாக்கம் பெற்ற ஸெனானைக்கொண்டு எடுத்த எலியின் நுரையீரல் படத்தை 1994-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டனர். உடலினின்று அகற்றப்பட்ட நுரையீரல் அது. எனினும் அடுத்த சில ஆண்டுகள் ஆய்வாளர்கள் பெரிதும் நாடியது ஸெனானை அன்று, ஹீலியம்-3 என்னும் ஐசோடோப்பை. அதன் உட்கருக் காந்தம் ஸெனானுடையதைவிட வலியது. படமும் அதற்கேற்பத் தெளிவாக விழுந்தது. 1996-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்தும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்தும் மனித நுரையீரலின் ஹீலியம் படங்கள் வெளிவந்தன. மறு ஆண்டில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் மனிதரில் எடுத்த ஸெனான் படங்களை வெளியிட்டபோதும், ஹீலியத்திற்கே மதிப்பு அதிகமாக இருந்தது.

அந்த மதிப்பைக் குலைத்தது விஞ்ஞானம் அன்று, அரசியல். ஹீலியம்-3 இயற்கையில் மிகமிக அரிது. உலகில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் அணுகுண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த டிரிட்டியம் சிதைவதால் பிறந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். பனிப்போர் ஓய்ந்த பின் டிரிட்டியத்தின் உற்பத்தி சுருங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், கடத்தப்படும் அணுப்பொருள்களைக் கண்டுபிடிப்பதற்காகத் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் அமெரிக்கா நிறுவிய நியூட்ரான் உணர்கருவிகள் இருந்த ஹீலியம்-3 முழுவதையும் விழுங்கத் தொடங்கின. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் தட்டுப்பாடு வெளிப்படையாயிற்று. விலை பன்மடங்கு ஏறியது. நோயாளியின் மூச்சுக்கென்று கேட்டவர்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. ஆய்வாளர்கள் ஸெனானிடம் திரும்பினர். அப்படித் திரும்பியது நன்மையாகவே முடிந்தது என்பது பின்னால் விளங்கும்.

ஸெனானை 1898-இல் லண்டனில் கண்டுபிடித்தவர்கள் வில்லியம் ராம்ஸேயும் மாரிஸ் டிராவர்ஸும். கிரேக்க மொழியில் ‘அந்நியன்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தனர். ஆனால் அந்த அந்நியன் நம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறான். ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையின் காற்றில் சுமார் 11 மில்லிலிட்டர் ஸெனான் உண்டு. ஒரு மேசைக்கரண்டி கூட நிரம்பாது. இதில் படத்திற்குப் பயன்படும் ஸெனான்-129 என்ற ஐசோடோப்பு கால் பங்குக்குச் சற்றே அதிகம். ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்கு 250 முதல் 750 மில்லிலிட்டர் ஸெனான் தேவைப்படும் என்றால், குறைந்தது இருபத்து மூன்று வகுப்பறைகளின் காற்றையேனும் பிழிய வேண்டும் என்று மாணவர்களே கணக்கிட்டுக் கொள்வார்கள். காற்றைத் திரவமாக்கி ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் பிரிக்கும் பெரிய ஆலைகளில் உபபொருளாக இது கிடைக்கிறது. மலிவான பொருள் அன்று. ஆயினும் வளிமண்டலம் உள்ளவரை தீராது; எந்தக் குண்டையும் எதிர்பார்க்க வேண்டியதுமில்லை.

ஒரு சந்தேகத்தை இங்கேயே நீக்கிவிடுவது நலம். ஸெனான்-133 என்ற கதிரியக்க ஐசோடோப்பைச் சுவாசிக்கச் செய்து நுரையீரலை ஆராயும் முறை முன்பே உண்டு. ஸெனான்-129 அத்தகையதன்று, அது நிலையானது, கதிர்வீச்சு எதுவும் இல்லை. எக்ஸ்ரே கதிரும் இங்கே பயன்படுவதில்லையாதலால், வளரும் குழந்தைகளுக்கும், ஒரே நோயாளிக்கு மாதந்தோறும் படம் எடுக்கவேண்டிய சமயங்களிலும் இது பெரும் அனுகூலம்.

நோயாளி செய்யவேண்டியது

வாயுவைப் பக்குவப்படுத்தும் கருவி ஸ்கேன் அறைக்கு அருகிலேயே இருக்கவேண்டும். ஸெனானும் நைட்ரஜனும் சேர்ந்து ஒரு லிட்டர் கொண்ட பிளாஸ்டிக் பை அங்கே நிரப்பப்பட்டதும், சில நிமிஷங்களுக்குள் நோயாளியிடம் கொண்டுவரப்படுகிறது. நோயாளி மார்பைச் சுற்றி ஓர் உடுப்பை அணிந்து படுத்திருப்பார். அவ்வுடுப்பினுள் ஸெனானின் அதிர்வெண்ணுக்கு இசைவாக்கிய கம்பிச்சுருள் உள்ளது. 1.5 டெஸ்லாவில் ஸெனான் தலையாட்டுவது விநாடிக்குச் சுமார் 1 கோடியே 77 லட்சம் முறையே. ஆகையால் ஹைட்ரஜனுக்குரிய சுருள் இதற்கு உதவாது. மூச்சை வெளியே விட்டு, குழாய் வழியாகப் பையிலுள்ள வாயுவை இழுத்து, 10 முதல் 15 விநாடி அடக்கி, பிறகு வழக்கம்போல் சுவாசிக்கவேண்டியதுதான்.

பையில் ஆக்ஸிஜன் சிறிதும் கிடையாது. காரணம் முன்பே கூறினோம். ஆகவே அச்சில விநாடிகளில் இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு சற்று இறங்கி மீளும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைக்கொண்டு அதனைக் கவனித்துக்கொண்டே இருப்பர். மேலும் ஸெனான் ஒரு மயக்க வாயு. 1951-ஆம் ஆண்டிலேயே அறுவைச் சிகிச்சையில் அது பயன்பட்டிருக்கிறது. ஒரே மூச்சளவில் மயக்கம் உண்டாவதில்லை. சிலருக்குத் தலை லேசாகச் சுற்றுவதுண்டு, உடனே தெளிந்துவிடும்.

கறுப்புத் திட்டுகளின் பொருள்

இப்படி எடுத்த படத்தில் காற்று சென்ற இடமெல்லாம் வெளுத்தும், செல்லாத இடம் கறுத்தும் தோன்றும். நோயற்றவரின் நுரையீரல் சீராக வெளுத்திருக்கும். ஆஸ்துமா உள்ளவரின் படத்தில் ஆப்பு வடிவான கறுப்புத் திட்டுகள் ஆங்காங்கே காணப்படும். மூச்சுக்குழல்களை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் செய்து மறுபடி எடுத்தால் அவற்றுட் சில மறைவதைக் கண்ணாரக் காணலாம். மறையாமல் நிற்பவை டாக்டருக்கு வேறொரு செய்தியைச் சொல்லும்.

கிராமப்புற ஊழியர் பலரும் அறிந்த ஸ்பைரோமீட்டர் இதைக் காட்டாதா என்று கேட்கலாம். ஸ்பைரோமீட்டர் அளப்பது நுரையீரல் முழுவதிலிருந்தும் வாய் வழியாக வெளிவரும் காற்றின் மொத்தக் கணக்கை. ஏரியின் மதகில் நின்று நீரோட்டத்தை அளப்பதைப் போன்றது அது. மதகில் ஓட்டம் குறைந்தால் எங்கோ தடை உள்ளது என்பது உறுதி. எந்தக் கிளை வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து விளங்காது. கடைமடையில் சில சிறு கால்கள் மட்டும் தூர்ந்திருந்தால் மதகின் அளவில் மாறுதலே தெரியாமலும் போகலாம். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள சிற்றுக் காற்றுக்குழல்களை மருத்துவர்கள் ஊமைப் பகுதி என்று அழைப்பது இதனால்தான். அவற்றுட் பல அடைபட்ட பின்னரே ஸ்பைரோமீட்டர் வாய் திறக்கும். ஸெனான் படம் அந்தக் கடைமடையையே காட்டுகிறது.

வாயு அணுக்கள் எவ்வளவு தூரம் அலைய முடிகிறது என்பதையும் இதே முறையால் அளக்கலாம். கண்ணைக் கட்டிவிட்ட ஒருவன் சிற்றறைக்குள் இருந்தால் இரண்டடி வைத்ததும் சுவரில் முட்டுவான். மண்டபத்தில் இருந்தால் வெகுதூரம் போவான். புகைப் பழக்கத்தால் நுண்ணறைகளின் சுவர் சிதைந்து பல அறைகள் ஒன்றாகிவிட்ட எம்ஃபைஸீமா நோயில் ஸெனான் அணுக்கள் அதிக தூரம் அலைகின்றன.

சவ்வைக் கடந்து

ஸெனானிடம் திரும்பியது நன்மையாயிற்று என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஹீலியம் நுரையீரலின் காற்றறைகளோடு நின்றுவிடும். திசுவில் கரைவது மிகமிகக் குறைவு. ஸெனானோ ஓரளவு கரையக்கூடியது. உள்ளிழுத்த ஸெனானில் ஒரு சிறு பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு, ஆக்ஸிஜன் செல்லும் அதே வழியில், நுண்ணறையின் மெல்லிய சவ்வைக் கடந்து, இரத்தத்தை அடைந்து, செவ்வணுக்களுக்குள்ளும் புகுகிறது. அச்சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பரப்போ, எல்லா நுண்ணறைகளையும் விரித்துப் போட்டால், மேற்சொன்ன வகுப்பறையின் தரையைப்போல் இரு மடங்கு.

இயற்கை இங்கே ஓர் எதிர்பாராத உதவியைச் செய்திருக்கிறது. ஸெனான் அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான் திரள் பெரியது, எளிதில் நெகிழ்வது. ஆகவே அது எந்தப் பொருளுக்குள் இருக்கிறதோ அதற்கேற்பத் தன் தலையாட்டும் வேகத்தைச் சிறிது மாற்றிக்கொள்கிறது. வாயுவாக இருக்கும்போது உள்ள அதிர்வெண்ணைவிடச் சவ்வில் கரைந்திருக்கும்போது பத்து லட்சத்தில் சுமார் 197 பங்கு அதிகம்; செவ்வணுவினுள் இருக்கும்போது சுமார் 217 பங்கு அதிகம். ஒரே பாடகன் கூடத்தில் ஒரு சுருதியிலும், தாழ்வாரத்தில் வேறொரு சுருதியிலும், முற்றத்தில் மற்றொரு சுருதியிலும் பாடுவதைப்போல! சுருதியைக் கேட்டே அவன் இருக்குமிடத்தைச் சொல்லிவிடலாம். ஆக, காற்றில் எவ்வளவு, சவ்வில் எவ்வளவு, செவ்வணுவில் எவ்வளவு என்ற மூன்று கணக்குகளும் நுரையீரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே மூச்சில் கிடைக்கின்றன. சவ்வு தடித்துத் தழும்பேறும் நோய்களில் சவ்வின் பங்கு மிகுந்து செவ்வணுவின் பங்கு குன்றும். மருத்துவத்தில் இதற்கு நிகரான வேறு படம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

கோவிட் நோய் பரவிய காலத்தில் இதன் பயன் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஃபெர்கஸ் கிளீசன், ஜேம்ஸ் கிரிஸ்ட், ஜிம் வைல்டு முதலியோர், கோவிட் நிமோனியாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பி மூன்று மாதத்திற்கு மேலாகியும் மூச்சுத்திணறல் நீங்காத ஒன்பது நோயாளிகளைப் பரிசோதித்து, முடிவை 2021-இல் வெளியிட்டனர். அவர்களுடைய சி.டி. படங்கள் இயல்பாகவோ ஏறக்குறைய இயல்பாகவோ இருந்தன. ஸெனான் படத்திலோ, வாயு செவ்வணுக்களைச் சென்றடைவது குறைந்திருந்தது. 2022-இல் வெளியான அடுத்த ஆராய்ச்சியில், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு நோய் முற்றாமல் வீட்டிலிருந்தே குணமடைந்து, பின்பு நெடுநாள் இளைப்பால் அவதியுற்ற பதினொருவரும் இடம்பெற்றனர். அவர்களிடமும் இயல்பான சி.டி. படத்திற்குப் பின்னே இதே குறை காணப்பட்டது. எண்ணிக்கை சிறிது என்பதை மறக்கலாகாது. குறை சவ்வில் உள்ளதா, நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ளதா என்று இவ்வளவு சிலரைக்கொண்டு முடிவு கட்டவும் இயலாது. ஆயினும் இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய நோயாளிகளுட் சிலருக்கேனும் இது பெரிய செய்தி. அவர்கள் சொன்ன இளைப்புக்கு இடம் ஒன்று உண்டு என்பதை முதன்முதலாக ஒரு படம் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில்

2016-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் நெடுநாள் சுவாச அடைப்பு நோயுற்றோர் 5 கோடியே 53 லட்சம் பேர். ஆஸ்துமா உள்ளோர் 3 கோடியே 79 லட்சம் பேர் என்று 2018-இல் வெளியான ஒரு விரிவான மதிப்பீடு கூறுகிறது. உலக மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் நம்மவர்; நெடுநாள் சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாட்களிலோ நூற்றுக்கு 32 நம்முடையவை. இத்தனை பேருக்கும் ஸெனான் படம் எடுப்பது என்பது பேச்சுக்கும் இடமில்லாதது. அதற்கு அவசியமும் இல்லை. விறகடுப்புப் புகையில் முப்பது ஆண்டு சமைத்த பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஸ்பைரோமீட்டரும், அதைச் சரியாக ஊதச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஊழியரும்.

இம்முறைக்கு வேண்டிய ஏற்பாடுகள் சாமானியமானவை அல்ல. பெரும்பாலான ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. கருவிகள் ஹைட்ரஜனின் அதிர்வெண் ஒன்றை மட்டுமே கேட்கவல்லவை. ஸெனானின் அதிர்வெண்ணையும் கேட்பதற்குத் தனி மின்னணுச் சாதனங்கள் சேர்க்கவேண்டும். வாயுவைப் பக்குவப்படுத்தும் கருவி, ஐசோடோப்பு செறிவூட்டிய ஸெனான், திரவ நைட்ரஜன், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவையும் தேவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் இந்த ஸெனானை அங்கீகரித்தபோதுகூட, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, காற்றோட்டத்தைப் பார்க்க மட்டுமே என்று வரையறுத்தது. இரத்தத்துடன் வாயு கலப்பதை அளக்கும் பகுதி அந்த அனுமதியில் அடங்கவில்லை.

லேசர் வேண்டாத மாற்று வழிகளும் ஆராயப்பட்டு வருகின்றன. ஃபுளோரின் அடங்கிய பெர்ஃபுளோரோபுரொப்பேன் என்ற வாயுவை ஆக்ஸிஜனுடன் கலந்து பலமுறை சுவாசிக்கச் செய்து, பலவீனமான சமிக்ஞையைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் படம் வரைவது ஒன்று. அவ்வாயு புவி வெப்பத்தை மிகைப்படுத்துவது அதன் பெருங்குறை. நோயாளிக்குத் தூய ஆக்ஸிஜனையே கொடுத்து, அதனால் திசுவின் சமிக்ஞை மாறுவதை நோக்கும் முறை 1996 முதல் அறியப்பட்டது. வெளியிலிருந்து எந்த வாயுவும் கொடாமல், இயல்பான மூச்சின் ஏற்ற இறக்கத்தில் ஹைட்ரஜன் சமிக்ஞை மாறுவதைக் கணிப்பொறியால் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. நுட்பத்தில் இவை ஸெனானுக்கு ஈடாகா. ஆனால் ஏற்கெனவே உள்ள கருவிகளைக்கொண்டு செய்யக்கூடியவை என்பதால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இவையே முந்தி வந்து சேரும் என்று தோன்றுகிறது.

படம் எடுத்து முடிந்தபின் அந்த ஸெனான் என்னவாகிறது என்று கேட்கும் மாணவர் இருப்பர். மந்த வாயுவாதலால் அது உடலில் எதனோடும் வேதிச் சேர்க்கை கொள்வதில்லை. மூச்சோடு வந்தது மூச்சோடே வெளியேறி, அறையின் காற்றில் கலந்துவிடுகிறது.